துண்டுக்கு அடியில் ஒரு மயில்

செம்பின் மேல் படியும் பச்சைக் களிம்பை அழுக்கு என்று கருதுவது பெரும் பிழை. தமிழ்நாட்டில் இந்தப் பிழையைச் செய்தவர்களில் பாத்திரம் துலக்குகிறவர்களை மன்னித்துவிடலாம். தத்துவம் எழுதியவர்களை மன்னிப்பது கடினம். செம்பில் களிம்பு போல உயிரை மலம் பற்றியிருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பழங்காசு சேகரித்தவர் இல்லை என்பது இதிலிருந்தே தெளிவு. களிம்பு என்பது செம்பு தன் வயதைத் தானே எழுதிக்கொள்ளும் தோல். அதை உரித்துவிட்டால் முந்நூறு வயதுக் காசு, அன்று பிறந்த எலிக்குஞ்சு போல இளஞ்சிவப்பாகக் கூசிக்கொண்டு கிடக்கும். அதன் விலையும் எலிக்குஞ்சின் விலைதான். இதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. முப்பத்தோரு ஆண்டு கல்லூரி நூலகராக இருந்தவன், புத்தகத்திலிருந்து கற்காத ஒரே விஷயம் இது. இதைக் கற்றுத் தந்தவரின் வலது கை இப்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், ஈரிழைத் துண்டுக்கு அடியில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான கை. காசு வியாபாரி சென்னியப்பனின் கை. பதினோரு ஆண்டாக இந்தக் கையை நான் பல விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

என் இடது கை இன்னொரு துண்டுக்கு அடியில், உடுமலைப்பேட்டைப் பல் டாக்டர் மோகனசுந்தரத்தின் கையில் இருக்கிறது. அது சோப்பு வாசம் வீசும் இளம் கை. காசு சேகரிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது, ஆகவே ஆசை அதிகம். இரண்டு பேருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், இரு பக்கமும் கயிற்றைக் கட்டிய கம்பம் போல. எங்கள் காசு சேகரிப்போர் சங்கத்துக்கு, துண்டுக்கு அடியில் விரலால் விலை பேசும் இந்த வழக்கம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலிருந்து வந்தது. செயலர் கனகசபாபதியின் அப்பாவும் பெரியப்பாவும் மாட்டுத் தரகர்கள். இந்த மண்டபத்தில் மாதாமாதம் நடக்கும் எங்கள் கண்காட்சியில் வாயால் பேரம் பேசி, நான்கு மேசை தள்ளி இருப்பவன் வரை கேட்டு, அவன் "அதே காசு எங்கிட்ட பாதி விலைக்கு இருக்குதுங்க" என்று எழுந்து வந்து, ஒரு முறை சட்டையே கிழிந்த பிறகு, கனகசபாபதி துண்டைக் கொண்டுவந்தார். விதி எளிது. பெரிய காசு கைமாறும்போது நடுவர் ஒருவர் உட்கார வேண்டும். முழு விரலைப் பிடித்தால் பத்தாயிரம். நகத்தில் ஒரு தட்டு, ஆயிரம். முதல் பிடியில் விற்பவர் தன் அடிவிலையையும் வாங்குபவர் தன் உச்சவிலையையும் நடுவரிடம் மட்டும் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். இடம் இருந்தால் நடுவர் பாதிப் பாதியாகப் பிரித்து முடிப்பார்; இடம் இல்லாவிட்டால் இருவரையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். முடியும் வரை விலையை மட்டும் வாயால் சொல்லக்கூடாது; மற்றபடி மழை, மருமகன், பெட்ரோல், எதையும் பேசலாம். "ஏனுங்க லைப்ரரி சார், நீங்க நடுவுல உக்காருங்க," என்றார் கனகசபாபதி இன்று காலை. "உங்களுக்குத்தான் பொய் வராதுங்க." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது புகழ்ச்சியா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் பிடியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. சென்னியப்பன் என் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்: நாற்பது. டாக்டர் ஐந்து விரலையும் பிடித்து, விட்டு, கட்டைவிரலை மறுபடியும் பிடித்தார்: அறுபது. பணம் கொடுக்கிறவனின் உச்சம் அறுபது, பணம் வாங்கிக்கொள்கிறவனின் அடி நாற்பது. நான் துண்டை எடுத்துவிட்டு "ஐம்பது" என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் இந்நேரம் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ரவா கேசரி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். சாம்பார் தாளிக்கும் வாசம் மாடிப்படி வழியாக ஏறி வருகிறது. மேடையில் நேற்றைய வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகள் இன்னும் எடுக்கப்படவில்லை. மணமகள் பெயரில் ஓர் எழுத்து விழுந்து, அந்தப் பெண் யாரென்று தெரியாதவளாகிவிட்டாள். ஐம்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது சென்னியப்பனின் ஏழாம் எண் மேசை மேல் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து, விலை பேசிக்கொண்டிருந்த மயில் காசு என்னைப் பார்த்தது. ஒரு பக்கம் மயில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு. மறுபக்கம் மூன்று கோடு. எந்தப் பாளையக்காரர் வெட்டியது என்பதில் எனக்கும் சென்னைப் பேராசிரியர் ஒருவருக்கும் பதினான்கு ஆண்டாகக் கருத்து வேறுபாடு. அவர் சொல்வது தவறு. உலகத்தில் தெரிந்தவை இரண்டே காசு. ஒன்று இது, இலுப்பைக் காய் பச்சையில், முழுத் தோலோடு. இன்னொன்று என் வீட்டு அலமாரியில், பஞ்சில் பொதிந்து, பதினோரு ஆண்டாக நான் திறந்து பார்க்காத டப்பியில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். சென்னியப்பனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தில் இரண்டு தட்டு தட்டினேன். டாக்டர் தருவது பன்னிரண்டு.

விரலால் சொன்னது பொய்யாகுமா என்று ஒரு கேள்வி எழுகிறது. பொய் என்பதற்கு நான் அறிந்த இலக்கணங்கள் எல்லாம் சொல்லைப் பற்றியவை. விரலுக்குச் சொல் இல்லை. நகத்தில் தட்டியது என் நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம். இப்படி ஒரு வாதத்தை என் மாணவன் எவனாவது நூலகத்தில் வந்து சொல்லியிருந்தால் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்திருப்பேன். சென்னியப்பனின் கை துண்டுக்கு அடியில் ஒரு கணம் செத்த மாதிரி கிடந்தது. அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை ஆண்டு காத்திருந்தேன் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம். முகத்தில் எதையும் காட்டாமல் அவர் டாக்டரைப் பார்த்து, "உடுமலப்பக்கம் மழைங்களா?" என்றார். "எங்கீங்கண்ணா, தூத்தலோட போயிருச்சு," என்றார் டாக்டர். தான் பன்னிரண்டு கொடுப்பதாகச் சொல்லப்பட்டிருப்பது தெரியாத மனிதரின் உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது.

"சார், புளி போட்டு நல்லாத் தேச்சுப் போடுங்க, மயிலு தோகைய விரிச்சு ஆடும் பாருங்க." இதுதான் அவர் சொன்னது. பதினோரு ஆண்டுக்கு முன், இதே மண்டபம், அப்போது மின்விசிறிகள் இன்னும் சத்தமாக ஓடின. என் மயில் காசை முதல் முறையாக வெளியே கொண்டுவந்து இவரிடம்தான் காட்டினேன், ஏனென்றால் இவர்தான் தெரிந்தவர், எனக்குப் புத்தகம்தான் தெரியும். வீட்டுக்குப் போனேன். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்தேன். குத்துவிளக்கு துலக்குகிற அதே முறை: புளி, கல்லுப்பு, தேங்காய் நார். மனைவி ஊருக்குப் போயிருந்தாள். சமையலறை முழுக்க எனக்கு. நான் பாடிக்கொண்டே தேய்த்தேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. நுரை பச்சையாக வடிந்தது. முந்நூறு ஆண்டு சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது, நான் "வருது, வருது" என்று மகிழ்ந்தேன். அடுத்த மாதம் அந்த இளஞ்சிவப்புத் தகட்டை இவரிடம் நீட்டியபோது லென்சை வைத்துப் பார்த்தார். "அடடா," என்றார். அவ்வளவுதான். அந்த அடடாவை நான் பல முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். முதல் அகரத்தில் வருத்தம் இருந்தது. கடைசி ஆகாரத்தில், நான் சத்தியமாகச் சொல்வேன், ஒரு நிறைவு இருந்தது. பிறகு என்ன? கொஞ்ச நாளில் இவரிடம் இன்னொரு மயில் காசு முளைத்தது. தோலோடு. "இது ஒண்ணுதானுங்க நல்லா இருக்கறது." இரண்டில் ஒன்றை என் கையாலேயே கொல்ல வைத்துவிட்டு, மற்றொன்றை ஒற்றை ஆக்கிக்கொண்டவர். கத்தி இல்லை, விஷம் இல்லை, எலுமிச்சை அளவு புளி. திட்டத்தின் அழகை வியக்காமல் இருக்க முடிவதில்லை. வியப்பதனாலேயே கோபம் கூடுகிறது.

என் நகத்தில் தட்டு. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்கு முன் மூன்று முழு விரல். முப்பத்தைந்து. இறங்கிவிட்டார். ஐந்தாயிரம் என் பொய்க்கு மரியாதை செய்து இறங்கியிருக்கிறது. ஒழுங்குக்காக நான் டாக்டர் பக்கமும் ஏதாவது செய்தாக வேண்டும், சும்மா இருந்தால் சந்தேகம் வரும். அவர் விரலை இலேசாக அழுத்தினேன், இன்னும் முடியவில்லை என்று பொருள்படும்படி. அந்த அப்பாவி மனிதர் உடனே அறுபதோடு ஐந்து தட்டுகளைச் சேர்த்தார். ஒரு பக்கம் முப்பத்தைந்து, ஒரு பக்கம் அறுபத்தைந்து. ஒருவரை ஒருவர் தேடி இருவரும் எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பேரம் என்ற சொல்லே தெலுங்கிலிருந்து வந்தது என்பார்கள். பேரத்தைத் தமிழில் இவ்வளவு மோசமாக யாரும் செய்திருக்கமாட்டார்கள். சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றினேன். அந்த இருமலோடு பயமும் வந்தது. டாக்டர் வாய் தவறி எண்ணைச் சொல்லிவிட்டால்? கனகசபாபதி அங்கே தபால்தலை மேசையருகே நின்று யாரோடோ பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்க்கிறார். தரகர் வீட்டுப் பிள்ளை. துண்டின் மேல்பக்கம் அசைவதை வைத்தே அடியில் என்ன என்று அவர் அப்பா சொல்லிவிடுவாராம். என் துண்டு எப்படி அசைகிறது? குனிந்து பார்த்தேன். நீலக் கரை போட்ட துண்டு, வெயிலில் காய்ந்த சோப்பு வாசம், அதன் மேல் ஓர் ஈ. ஈ உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அமைதியாகத்தான் பொய் சொல்கிறேன்.

"என்னங்க சார், பல்லப் புடுங்கறதுக்குக்கூட இத்தன நேரம் ஆகாதுங்க," என்றார் டாக்டர். "உங்ககிட்ட வாயத் தொறந்தாத்தான வலிக்கும் டாக்டரே," என்றார் சென்னியப்பன். "இங்க வாய மூடிட்டு உக்காந்திருக்கறதுதான் வலி." இருவரும் சிரித்தார்கள். என் இரண்டு கைகளும் அவர்கள் சிரிப்பில் குலுங்கின. நல்ல நகைச்சுவைதான். எதிரிக்கு நகைச்சுவை உணர்வு இருப்பது ஒரு தொல்லை. முப்பத்தைந்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். பதின்மூன்று என்றேன், ஒரு விரல், மூன்று தட்டு. அவர் கை இந்த முறை சாகவில்லை. என் விரலைப் பிடித்தபடி சும்மா இருந்தது, யோசிக்கிறவன் தூணைப் பிடித்திருப்பது போல. மோதிர விரலில் மோதிரம் போட்டிருந்த இடம் பள்ளமாக இருந்தது. மோதிரம் இல்லை. நடுவிரலின் ஓரத்தில் காய்ப்பு, காசைப் புரட்டிப் புரட்டி வந்தது. எனக்கும் அதே இடத்தில் காய்ப்பு உண்டு. அந்தத் தகவல் எனக்குத் தேவைப்படவில்லை. "டாக்டரே, நெசமாச் சொல்றேன்," என்று அவர் பேச ஆரம்பித்தார், "வெலையச் சொல்லலீங்க, சங்கதியச் சொல்றேன். கடைல வெச்சிருந்ததெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிருச்சு. இந்த மயிலு ஒண்ணுதான் மிச்சம். இது போற போக்கப் பாத்துத்தான் அடுத்த மாசம் மேசைக்குப் பணங் கட்டறதா, இல்ல இத்தோட ஏறக்கட்டிரலாமான்னு." டாக்டர் "அட, அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா," என்றார். அப்படியா சங்கதி. அப்படியானால் இந்தத் துண்டுக்கு அடியில் இருப்பது ஒரு காசு மட்டுமல்ல, ஒரு கடை. இரக்கம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தேன், இல்லை. இரக்கம் வந்தால் எனக்கு மூக்கு அடைக்கும். மூக்கு நன்றாகத் திறந்திருந்தது, கேசரியின் ஏலக்காய் வரை தெரிந்தது.

"இத எங்கீங்கண்ணா புடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். "பல்லடத்துல பழைய பாத்தரக் கடைல. தாமரத் தவலைக்குள்ள கெடந்துது. எடைக்குப் போட்டாங்க. ஆச்சுங்க, எம்பட சின்னவ கல்யாணத்துக்கு மொத வருசம். ஒம்பது வருசம்." ஒன்பது. யாரோ ஒரு கல்லை என் வாய்க்குள் போட்டது போல இருந்தது. ஒன்பது ஆண்டு. புளி பதினோரு ஆண்டு. அப்படியானால் அன்று இவரிடம் இன்னொரு காசு இல்லை. இல்லாத காசை ஒற்றையாக்க ஒருவர் எதற்காக என் காசைக் கெடுக்க வேண்டும்? பொய் சொல்கிறார். யாரிடம், எதற்காக? டாக்டருக்கு ஒன்பதும் பதினொன்றும் ஒன்றுதான். அன்று அவர் சொன்னது என்ன? "புளி போட்டு நல்லாத் தேச்சுப் போடுங்க." அல்லது "களிம்ப எடுத்துட்டா மயிலு நல்லாத் தெரியும்" என்று மட்டும் சொன்னாரா? தோகையை விரித்து ஆடும் என்று சொன்னது அவர்தானா? அது கொங்குப் பேச்சு போலவே இல்லை. நான் எழுதக்கூடிய வாக்கியம் போல இருக்கிறது. சமையலறையில் நானே பாடிய பாட்டாக இருக்கலாம். இல்லை, இல்லை, அவர்தான், இந்த மேசையில், கையில் தட்டு. தட்டில் என்ன? போண்டா. ஆமாம், அன்று போண்டா கொடுத்தார்கள், தேங்காய்ச் சட்னி புளித்திருந்தது. அவர் வாய் நிறைய போண்டா இருந்தது. வாய் நிறைய போண்டா இருப்பவரால் அவ்வளவு நீள வாக்கியத்தைச் சொல்ல முடியாது. அப்படியானால் யார் சொன்னது? "களிம்பை எடுத்துட்டா மயில் தெளிவா தெரியுமில்லையா? புளி போட்டுத் தேய்ச்சா?" இது என் குரல். 'இல்லையா' என்று முடிப்பது என் பேச்சு. அவர் தலையை ஆட்டினார். எனக்கா ஆட்டினார், சட்னி வாளியோடு நின்றவரிடம் போதும் என்று ஆட்டினாரா? சட்னி வாளி எந்தப் பக்கம் நின்றது? இடப் பக்கம். நான் எந்தப் பக்கம் நின்றேன்?

பதினோரு ஆண்டில் இந்தக் கேள்வியை நான் ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்கிறேன். நல்ல நூலகர் எவரும் செய்யாத தவறு இது: ஒரு மேற்கோளைக் கடன் வாங்கியவரிடமிருந்தே மறுபடி மறுபடி கடன் வாங்கி, மூலத்தைப் போய்ப் பார்க்காமல் இருந்தது. மூலம் ஒரு தலையாட்டல். சரி, தலையாட்டல் என்றே வைத்துக்கொள்வோம். சட்டப்படி பார்த்தால் தலையாட்டலும் சம்மதம்தான். தெரிந்தவர் ஒருவர், தெரியாதவன் ஒருவன் தன் காசைப் புளியில் போடப்போகிறேன் என்று சொல்லும்போது போண்டாவைத் துப்பிவிட்டு வேண்டாம் என்று கத்த வேண்டாமா? நான் கத்தியிருப்பேன். கத்துவேனா? சென்ற மாதம் ஒருவர் பழைய பத்து ரூபாய் நோட்டை லேமினேட் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது நான் என்ன செய்தேன்? டீ குடித்துக்கொண்டிருந்தேன். அது வேறு. அது வெறும் நோட்டு. விஷயம் இதுதான்: ஒரு மனிதன் வாயில் போண்டாவோடு தலையாட்டியதை வைத்து நான் பதினோரு ஆண்டு பகை வளர்த்திருக்கிறேன் என்றால், அந்தப் பகையை இப்போது கைவிடுவது அவருக்குச் செய்யும் நியாயமாக இருக்கலாம், என் பதினோரு ஆண்டுக்குச் செய்யும் துரோகம். அவற்றை யாரிடம் திருப்பிக் கேட்பது? அதற்குள் என் வலது கை, என்னைக் கேட்காமலே, அவருக்குப் பதினைந்து என்று சொல்லியிருந்தது. அவர் முப்பது என்றார். மூன்று விரல், தட்டு இல்லை. தட்டுகள் தீர்ந்துவிட்டன போல.

முப்பதில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். உண்மையிலேயே நினைத்தேன். முப்பது என்றால் அவர் கேட்டதில் கால் பங்கு குறைவு, ஒரு தலையாட்டலுக்கு அது போதுமான தண்டனை, டாக்டருக்கும் மகிழ்ச்சி, கடையும் ஒரு மாதிரி நடக்கும். விரலைத் தளர்த்தினேன், துண்டை எடுக்க வேண்டியதுதான். அப்போது சென்னியப்பன் என் பக்கம் திரும்பி, வழிப்போக்கில் நினைவு வந்தவர் போல, "ஏனுங்க சார், உங்ககிட்டயும் ஒரு மயிலு இருந்துச்சுல்லீங்க? என்னாச்சுங்க அது?" என்றார். என் கை துண்டுக்குள் அப்படியே நின்றது. அவர் கண்ணைப் பார்த்தேன். வெறும் கேள்வி. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அன்று லென்சை வைத்துப் பார்த்து அடடா என்றதுகூட; கதவைத் திறந்தால் காலி அறை. "இருக்குது," என்றேன். "எப்படி இருக்குதுங்க, இத மாதிரியே பச்சைங்களா?" டாக்டர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். "கழுவிட்டேன்," என்றேன். "புளி போட்டு."

"அய்யய்யோ!" சென்னியப்பன் துண்டோடு சேர்த்து என் கையைத் தூக்கிவிட்டார். "களிம்பப் போயிக் கழுவுவாங்களா சார்? இவ்வளவு படிச்ச நீங்க! எந்த மடையனுங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது?" டாக்டர் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு, பல் டாக்டருக்கு உரிய முழுச் சிரிப்பு. "ஏனுங்க சார், எனக்கே தெரியுமுங்களே அது," என்றார். மூன்று ஆண்டு சேகரிப்பாளர். நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நீங்கள்தான், என்று. பதினோரு ஆண்டாக அந்த வாக்கியத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன், எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, எல்லாம் பளபளவென்று. நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அவர் யோசிப்பார். யோசித்துவிட்டு, போண்டாவை நினைவுபடுத்திக்கொண்டு, உண்மையாகவே வருந்துவார், "நானாங்க சார்? இருக்காதுங்களே" என்பார், பிறகு என்னைக் காட்டிலும் அதிகமாக வருந்துவார். அவர் வருந்துவதை என்னால் தாங்க முடியாது. பழிவாங்குவது பழிக்கு ஆளாகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். அது தவறு. இந்த மண்டபத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு, என் கல்வியைச் சொல்லிச் சிரித்த ஒருவருக்கு எதையும் தெரியவைக்க நான் கடமைப்பட்டிருக்கவில்லை. "ஞாபகமில்லீங்க," என்றேன். "யாரோ சொன்னாங்க." பிறகு துண்டைச் சரிசெய்து, அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தில் நிதானமாக ஆறு தட்டு தட்டினேன். பதினாறு. கடைசி என்பதற்கு அடையாளமாக மணிக்கட்டை ஒரு முறை அழுத்தினேன். மணிக்கட்டை அழுத்தினால் வாங்குபவர் எழுந்து போகப்போகிறார் என்று பொருள்.

அவர் கையில் நாடி ஓடுவது கட்டைவிரலுக்குக் கீழே தெரிந்தது. மழை, மருமகன், பெட்ரோல் எல்லாம் முடிந்துவிட்டன. இரண்டு விரலைப் பிடித்தார், இருபது. நான் அசையவில்லை. கனகசபாபதி டீத் தட்டோடு யாரையோ இந்தப் பக்கம் அனுப்பினார். தட்டு கடந்து போயிற்று, மூவரும் கையை நீட்டவில்லை. மேடைப் பக்கம் ஒலிபெருக்கியில் "வெள்ளை நிற வேகன்ஆர், வண்டியக் கொஞ்சம் எடுத்துப் போடுங்க" என்றார்கள். அவர் ஒரு விரலை விட்டார். ஒரு விரல் மட்டும் இருந்தது. பிறகு என் நகத்தில் தட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் அவர் என் முகத்தைப் பார்த்தார், போதுமா என்று கேட்பது போல. நான் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கழுத்தைத் திருப்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு. எட்டு. நின்றது. ஒன்பதாவது தட்டுக்கு விரலைத் தூக்கினார், தட்டவில்லை. பதினெட்டு. நான் அவர் கையைக் குலுக்கி முடித்தேன். இடது கையால் டாக்டருக்கு அதையே சொன்னேன். டாக்டரின் கை துண்டுக்குள் துள்ளியது. அறுபத்தைந்துக்குத் தயாராக இருந்தவர், எட்டுத் தட்டையும் மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணினேன். என் கையை இரண்டு முறை இறுக்கினார். தனக்காக நான் செய்தேன் என்று நினைக்கிறார். வாழ்நாள் முழுவதும் என்னை நல்லவன் என்று நினைக்கப்போகிறார், அதற்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது.

துண்டுகளை எடுத்தேன். நான்கு கைகளும் வெளிச்சத்தில் வெளுத்து, ஊறிப்போய், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல இருந்தன. விதிப்படி நடுவர் வாயால் அறிவிக்க வேண்டும். "பதினெட்டாயிரம்," என்றேன். இந்தக் காலையில் நான் சொன்ன முதல் எண் அது. அது பொய்யும் இல்லை. கனகசபாபதி வந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டுகளை வாங்கி நான்காக மடித்தார். மடிப்பு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. டாக்டர் மயிலைச் சட்டைப் பைக்குள் வைத்து, பை மேல் கையை வைத்துக்கொண்டு, படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார். சென்னியப்பன் காலிப் பெட்டியை மூடி, லென்சை உறையில் போட்டு, மேசை விரிப்பை உதறினார். "கம்மிதானுங்க சார்," என்றார். "ஆனா நீங்க நடுவுல இருந்தீங்க. வேற ஆளுன்னா, நம்மள ஏமாத்திட்டானோன்னு ராத்திரி தூக்கம் வராது. நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்." பிறகு, "வாங்க, டீ சாப்படலாம்," என்று என் தோளைத் தொட்டார். நான் போனேன். டீ இனிப்பாக இருந்தது. அவர்தான் காசு கொடுத்தார். அவர் இரண்டு போண்டா வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். வாய் நிறைய வைத்துக்கொண்டு மென்றபடி, யாரோ எதையோ கேட்டதற்கு, யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், தலையை ஆட்டினார்.

அடுத்த மாதக் கண்காட்சியில் ஏழாம் எண் மேசைக்கு யாரும் பணம் கட்டவில்லை. கனகசபாபதி அதன் மேல் குடிதண்ணீர் கேனையும் நான்கு எவர்சில்வர் டம்ளர்களையும் வைக்கச் சொன்னார்.